கார் வகுத்த கானகம்

அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் இருக்கிறது கிளேசியர் தேசியப் பூங்கா. அங்கே ராக்கி மலைமுகட்டைக் கடந்து மேற்கையும் கிழக்கையும் இணைக்க ஒரு சாலை வேண்டும் என்று முடிவானது. 1924இல் அதற்கு இரண்டு திட்டங்கள் எதிரெதிரே நின்றன. பொறியாளர் ஜார்ஜ் குட்வின் வரைந்த பாதை லோகன் ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக 15 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியது. தாமஸ் விண்ட் என்ற இளம் நிலத்தோற்றக் கலைஞர் அதை ஏற்கவில்லை. அத்தனை வளைவுகள் பள்ளத்தாக்கையே கீறிப் போட்டுவிடும் என்றார். அவருடைய வழியில் ஒரே ஒரு பெரிய வளைவு. அதன்பின் கார்டன் வால் என்ற பாறைச்சுவரின் இடுப்பைக் குடைந்து சீராக ஏறும் ஒற்றைக் கோடு. செலவு அதிகம், வேலை கடினம். தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர், விண்டின் பக்கம் நின்றார். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையைப் போடும்போது மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1933 ஜூலை 15 அன்று, 6,646 அடி உயரத்தில் உள்ள லோகன் கணவாயில், ‘சூரியனுக்குப் போகும் சாலை’ முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

விண்டின் அக்கறை உண்மையானது. தடுப்புச் சுவர்களை அந்த மலையின் கல்லாலேயே எழுப்பினார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சாலை தெரியக்கூடாது. சாலையில் போகிறவர் கண்ணுக்கோ மலை முழுவதும் தெரியவேண்டும். இந்த இரண்டு நோக்கங்களும் கூடிவந்த அழகான பொறியியல் அது. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். நாம் ‘இயற்கைக் காட்சி’ என்று நம்பி வியப்பதை, காரின் முன்கண்ணாடியை மனதில் வைத்து யாரோ ஒருவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். எந்தத் திருப்பத்தில் அருவி தெரியவேண்டும், எந்த இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தவேண்டும், எந்தச் சிகரம் எவ்வளவு நேரம் எதிரில் நிற்கவேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தில் முடிவானவை. பூங்காக்கள் முன்பே இருந்தன, கார்கள் பின்னால் வந்து சேர்ந்தன என்று நாம் நினைக்கிறோம். கார் வந்தபிறகு பூங்காவே காரின் அளவுக்கு வகுக்கப்பட்டது என்பதுதான் நடந்த வரலாறு.

அதற்கு முந்தைய காலமும் பொற்காலமாக இருக்கவில்லை. 1872இல் யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த ஷோஷோனி உள்ளிட்ட பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டார்கள். மனிதரே இல்லாத காடு என்ற தோற்றம் அவர்களை அப்புறப்படுத்தித்தான் உருவானது. அதன்பின் அங்கு போகமுடிந்தவர்கள் ரயில் கட்டணமும் விடுதி வாடகையும் குதிரை வண்டிக் கூலியும் சேர்த்துக் கொடுக்க வசதியுள்ளவர்கள். கிளேசியரில் கிரேட் நார்தர்ன் ரயில் நிறுவனமே மலை விடுதிகளைக் கட்டி, விருந்தினர்களைக் குதிரைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பியது. நேரமும் பணமும் ஏராளமாக உள்ளவர்களின் உலகம் அது.

காரை உள்ளே விடுவதா என்ற கேள்வி 1910களில் பெரிதாக எழுந்தது. அமெரிக்காவில் பிரிட்டனின் தூதராக இருந்த ஜேம்ஸ் பிரைஸ் 1912இல் ஓர் உரையில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார். பாம்பு என்ன கேடு செய்யப்போகிறது என்று ஆதாமுக்கு முன்பே தெரிந்திருந்தால் ஏதேன் தோட்டத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்க மாட்டான், காரையும் அப்படியே வெளியில் நிறுத்துங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. 1913இல் யோசெமிட்டி கார்களுக்குத் திறந்தது. 1915 ஆகஸ்டில் யெல்லோஸ்டோனும் திறந்தது. முதலில் குதிரைகள் மிரளாமலிருக்கக் கார்களுக்கும் குதிரை வண்டிகளுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கிப் பார்த்தார்கள். 1917இல் யெல்லோஸ்டோனின் பயணிகள் சேவையில் குதிரை வண்டிகளே இல்லை.

யோசெமிட்டிக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஜான் மியூர்கூடக் காரின் வருகையைத் தடுக்க முனையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில்தான் யோசெமிட்டிப் பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கை அணை கட்டி மூழ்கடிக்க சான் பிரான்சிஸ்கோ நகரம் அனுமதி கேட்டது. 1913இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைக் கொடுத்தும்விட்டது. பூங்காவை நேரில் பார்த்த மக்கள் பெருங்கூட்டமாக இருந்திருந்தால் அந்தப் பள்ளத்தாக்கு தப்பியிருக்கும் என்ற ஆதங்கம் இயற்கை ஆர்வலர்களிடம் ஆழமாகப் பதிந்தது. போராக்ஸ் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த மேதர் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவர். யோசெமிட்டியின் குறுக்கே போகும் டியோகா சாலையைத் தன் பணத்தையும் நண்பர்கள் பணத்தையும் போட்டு வாங்கி 1915இல் அரசுக்குக் கொடுத்தார். மக்கள் வந்தால்தான் வாக்கு சேரும். வாக்கு சேர்ந்தால்தான் காடு பிழைக்கும். மக்கள் வரவேண்டுமானால் கார் வரவேண்டும். அவர் கணக்கு அதுதான். 1916இல் தேசியப் பூங்காச் சேவையை நிறுவிய சட்டம் இரண்டு கடமைகளை ஒரே மூச்சில் சுமத்தியது: நிலத்தையும் கானுயிர்களையும் கெடாமல் காக்கவேண்டும், மக்கள் அவற்றை அனுபவிக்கவும் வழிசெய்யவேண்டும். இரண்டாவது கடமையைக் கார் வெகு சீக்கிரம் நிறைவேற்றித் தந்தது. முதல் கடமை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது.

கார் கொடுத்ததைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ரயில் கட்டணம் கட்டமுடியாத பள்ளி ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும் பிள்ளைகளையும் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தது காரால்தான். கிளேசியரில் ஒரு சாலையோர நிறுத்தத்தில் கொங்குப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த வயதான அம்மா முன்னிருக்கையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இறங்கிப் பாக்கறீங்களாம்மா, கையப் புடிச்சுக்கறேன்” என்றாள் மகள். “முட்டி விடமாட்டேங்குது கண்ணு. இங்கிருந்தே எல்லாந் தெரியுது. நீ போய்ப் பாத்துட்டு வா” என்றார் அம்மா. அவர் முகத்தில் குறை எதுவும் இல்லை. எதிரே பனி உருகி வழியும் மலைகளை அவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டை நடந்துதான் பார்க்கவேண்டும், காரில் பார்ப்பதெல்லாம் பார்வையே ஆகாது என்று சொல்பவர்கள் அந்த அம்மாவுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? திடகாத்திரமான கால்களை மட்டும் நம்பி எழுதப்படும் காட்டு வேதாந்தம் எனக்கு உவப்பில்லை.

அதே சமயம், கார் தந்த விடுதலை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவுமில்லை. வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பூங்காவில் மலைமுகட்டை ஒட்டி 105 மைல் ஓடும் ஸ்கைலைன் டிரைவ், காரில் போகிறவர்களுக்கென்றே போடப்பட்ட சாலை. அந்தப் பூங்காவை உருவாக்கியபோது மலையில் குடியிருந்த நூற்றுக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சாலையோரத்தில் 1939இல் திறக்கப்பட்ட லூயிஸ் மவுண்டன் முகாம் கறுப்பினத்தவருக்கென்று தனியே ஒதுக்கப்பட்டது. அரசின் பூங்காவுக்குள்ளேயே அந்த நிறப்பிரிவினை முழுமையாக நீங்க 1950 வரை ஆனது. அந்தக் காலத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்று காரில் கிளம்பினால், எந்த ஊரில் பெட்ரோல் கிடைக்கும், எந்த விடுதியில் படுக்க இடம் தருவார்கள் என்று ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்ட வழிகாட்டி நூலைப் பார்த்துத்தான் பயணத்தை வகுக்கவேண்டியிருந்தது. திறந்த சாலை எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது.

இனி, கார் நம் பார்வையை என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். யோசெமிட்டிக்குத் தெற்கிலிருந்து போகிறவர்கள் வாவோனா சுரங்கப்பாதையைக் கடக்கவேண்டும். 4,233 அடி நீளம், 1933இல் திறக்கப்பட்டது. இருட்டு முடிந்து வெளிச்சத்துக்கு வரும் கணத்தில் முழுப் பள்ளத்தாக்கும் எதிரே விரிகிறது: இடப்புறம் எல் கேப்பிட்டன் பாறை, வலப்புறம் பிரைடல்வெயில் அருவி, நடுவே தொலைவில் ஹாஃப் டோம். மூச்சு நின்றுபோகும் காட்சி. நடந்து வருகிறவருக்கு இப்படி ஒரு கணம் வாய்க்காது; பள்ளத்தாக்கு அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, மரங்களுக்கிடையே, கால்வலியோடு சேர்ந்து தெரியவரும். சுரங்கம் தருவது மேடைத் திரை விலகும் அனுபவம். அந்த அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பழக்கமாகிவிடுகிறது. அடுத்த திருப்பத்திலும் திரை விலகவேண்டும் என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்குகிறது. திரை விலகாத இடங்களை, அதாவது காட்டின் பெரும்பகுதியை, நாம் ‘வெறும் வழி’ என்று கடந்துபோகிறோம்.

யெல்லோஸ்டோனின் பிரதான சாலை எட்டு வடிவில் 142 மைல் சுற்றுகிறது. ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று, ஆற்றுக்குடைவு, ஏரி, மம்மோத் வெந்நீர்ப் படிகள் என்று பெயர்பெற்ற எல்லாம் அந்தச் சுற்றின்மேல் மணிகளாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பூங்காவை இந்த ஒற்றைக் கோட்டின் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். பிரகாரத்தை மட்டும் சுற்றி வந்துவிட்டு, கருவறைப் பக்கம் எட்டியும் பாராமல் ஊர் திரும்புவதற்கு ஒப்பானது இது. யோசெமிட்டியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அந்தப் பூங்காவின் நிலத்தில் 95 சதவீதத்துக்கு அருகில் சட்டப்படி வனாந்தரம். அங்கே சாலை போகமுடியாது. மீதிச் சொற்ப நிலத்தில், அதிலும் ஏழு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட பள்ளத்தாக்கில், பெரும்பாலான வண்டிகள் நெரிகின்றன. கோடைக்காலத்தில் அங்கே வாகன நிறுத்தத்துக்காகச் சுற்றிச் சுற்றி வரும் குடும்பங்களின் முகங்களில் நான் கண்டது நகர நெரிசலின் அதே எரிச்சலைத்தான். எதிலிருந்து தப்பிவந்தார்களோ அதைத் தங்களோடு ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரு காரில் போகிற குடும்பத்தில் மிகக் குறைவாகப் பார்ப்பவர் அதை ஓட்டுகிறவர். ‘சூரியனுக்குப் போகும் சாலை’யில் ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் அதலபாதாளம். 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை அதன் மலைப்பகுதியில் அனுமதிப்பதில்லை. அந்த வளைவுகளில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் தகப்பனோ தாயோ பார்ப்பது முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு. பிள்ளைகள் “அங்க பாருங்கப்பா, ஆடு!” என்று கூவும்போது அவர் திரும்பிப் பார்க்க முடியாது. எத்தனையோ ஆயிரம் மைல் கடந்து வந்த பயணத்தின் உச்சத்தை ஒருவர் மற்றவர்களுக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே ஓட்டுகிறார்.

விலங்குகளின் தரப்பு இதைவிடத் துயரமானது. யெல்லோஸ்டோனில் பல பத்தாண்டுகள் கரடிகள் சாலையோரத்தில் நின்று கார்களிடம் பிச்சை எடுத்தன. ஜன்னலை இறக்கி ரொட்டி நீட்டுவது குடும்பப் புகைப்பட ஆல்பத்தின் தவறாத பக்கமாக இருந்தது. மனிதர்கள் கடிபட்டார்கள்; பழகிப்போன கரடிகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 1970 வாக்கில்தான் உணவூட்டுவதற்கான தடை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது, குப்பைமேடுகளும் மூடப்பட்டன. இன்று கரடி, ஓநாய் போன்ற விலங்குகளிடமிருந்து 100 கஜம், மற்ற விலங்குகளிடமிருந்து 25 கஜம் விலகி நிற்கவேண்டும் என்பது விதி. ஆனாலும் சாலையோரத்தில் ஒரு கரடி தலைகாட்டினால் போதும், இரு திசையிலும் வண்டிகள் நின்றுவிடும். ரேஞ்சர்கள் அதற்கு ‘பேர் ஜாம்’, அதாவது கரடி நெரிசல், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடுச்சாலையில் கதவைத் திறந்துபோட்டு ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே பூங்காவின் லாமார் பள்ளத்தாக்கில் விடியலுக்கு முன்பே ‘ஸ்கோப்’ என்ற தொலைநோக்கியை நாட்டிவைத்துக்கொண்டு, 1995இல் மறுபடி கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களின் வழித்தோன்றல்களுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களும் காரில் வந்தவர்கள்தாம். வண்டியை அணைத்துவிட்டு ஓரிடத்தில் நிலைத்து நின்றதுதான் வேறுபாடு. முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுத் தங்கள் ஸ்கோப்பில் பார்க்கச் சொல்வார்கள்.

யெல்லோஸ்டோனுக்குத் தெற்கே கிராண்ட் டீட்டன் பூங்காவில் 399 என்ற எண்ணால் உலகம் அறிந்த கிரிஸ்லி பெண்கரடி ஒன்று வாழ்ந்தது. அது தன் குட்டிகளைச் சாலைகளுக்கு அருகிலேயே வளர்த்தது. குட்டிகளைக் கொல்லக்கூடிய ஆண்கரடிகள் சாலைப் பக்கம் வரத் தயங்கும், அதனால் அந்த இடத்தைப் பாதுகாப்பென்று அது தேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2020இல் நான்கு குட்டிகளோடு அது வெளிப்பட்டபோது சாலையோரத்தில் திருவிழாக் கூட்டம். 2023இல், 27 வயதில், மறுபடி ஒரு குட்டியோடு வந்தது. 2024 அக்டோபர் 22 இரவு, பூங்காவுக்கு வெளியே, ஜாக்சன் ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் ஒரு கார் மோதி அது இறந்தது. அந்த ஓட்டுநரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நம்மைப் போன்ற பல்லாயிரம் பேர் அந்தக் கரடியை நேசித்தது காரின் ஜன்னல் வழியாகத்தான். காரைப் பார்த்து அஞ்சத் தேவையில்லை என்று அதற்குக் கற்றுக்கொடுத்ததும் அந்த நேசம்தான். இந்த உண்மையை மனதில் ஏற்றிக்கொள்ளாமல் கானுயிர்ப் பயணம் பற்றிப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பும் சாலையோரத்திலேயே பிறந்தது. 1934 அக்டோபரில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் அருகே பெண்டன் மெக்காய், பாப் மார்ஷல் முதலிய சிலர் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். மலைமுகடுகளில் எல்லாம் சாலை போடும் மோகம் நாட்டைப் பிடித்திருந்த காலம். பேச்சு சூடேறியதும் வண்டியை நிறுத்தி, சாலையோர மேட்டில் உட்கார்ந்து, ஓர் அமைப்புக்கான கொள்கைகளை விவாதித்தார்கள். அடுத்த ஆண்டு வனாந்தரச் சங்கம் உருவானது. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் 1964இன் வனாந்தரச் சட்டம். நிரந்தரச் சாலைகளும் மோட்டார் வண்டிகளும் இல்லாத நிலம் என்ற ஒன்றை முதன்முதலில் சட்டம் அங்கீகரித்தது.

ஆனால் அரசின் கை மறுபக்கத்தில் இன்னும் பெரிதாக வேலைசெய்தது. 1956 முதல் பத்தாண்டுகள் நடந்த ‘மிஷன் 66’ திட்டத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டுச் சாலைகளை அகலமாக்கினார்கள். வாகன நிறுத்தங்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட வருகையாளர் மையங்களையும் கட்டினார்கள். 1966இல் ஆண்டுக்கு 8 கோடிப் பேர் வருவார்கள் என்று கணித்திருந்தார்கள். வந்தது 12 கோடிக்கும் மேல். டியோகா சாலையை விரிவாக்க டெனயா ஏரிக்கரையின் கருங்கல் சரிவுகளுக்கு வெடி வைத்தபோது புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் பதறிப்போய்க் கண்டித்தார். யூட்டாவின் ஆர்ச்சஸ் பகுதியில் 1950களில் ரேஞ்சராக இருந்த எட்வர்ட் ஆபி, 1968இல் வெளியான தன் பாலைவன நூலில், இனிப் பூங்காக்களுக்குள் காரே வேண்டாம் என்று வாதிட்டார். அவர் காவல் காத்த அதே ஆர்ச்சஸில், கூட்டம் தாங்காமல் வாசலை மூடவேண்டிய நாட்கள் பெருகியதால், 2022இல் முன்பதிவு முறை வந்தது. சாலையை அகலமாக்கினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு தலைமுறையிலும் பொய்த்துப்போனது. அகலமான சாலை அதிக வண்டிகளை அழைத்தது. அதிக வண்டிகள் இன்னும் அகலம் கேட்டன. 2024இல் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் இடங்களுக்கெல்லாம் சேர்த்து 33 கோடிக்கும் அதிகமான வருகைகள் பதிவாயின.

இதிலிருந்து மீள வழியே இல்லையா? இருக்கிறது, நடந்தும் காட்டியிருக்கிறார்கள். அலாஸ்காவின் டெனாலியில் 92 மைல் நீளும் ஒரே சாலை. 1970களின் தொடக்கத்தில் ஆங்கரேஜிலிருந்து நெடுஞ்சாலை வந்து சேர்ந்தபோது, வெள்ளம்போல் வண்டிகள் வரப்போகின்றன என்பதை முன்கூட்டியே உணர்ந்து, 1972இல் சொந்தக் கார்களை ஏறத்தாழ முதல் 15 மைலோடு நிறுத்தினார்கள். அதற்கப்பால் பேருந்து. அந்தச் சாலையை அகலப்படுத்தித் தார் போடக்கூடாது என்று ஓநாய்களை ஆராய்ந்த அடால்ஃப் மூரி முன்பே வாதாடியிருந்தார். பேருந்தில் போகிறவர் விரும்பிய இடத்தில் இறங்கலாம், புல்வெளியில் நடக்கலாம், களைத்ததும் சாலைக்கு வந்து கைகாட்டினால் இடமிருக்கும் பேருந்து ஏற்றிக்கொள்ளும். இதில் ஒரு நுட்பமான விடுதலை இருக்கிறது. சொந்தக் காரில் வந்தவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் அதை நிறுத்திய இடத்துக்கே திரும்பவேண்டும். பேருந்தில் வந்தவர் ஓரிடத்தில் இறங்கி இன்னோரிடத்தில் ஏறலாம். கார்தான் சுதந்திரம் என்று பழகிப்போன மனதுக்கு இது புதிய பாடம்.

யூட்டாவின் ஸயான் பள்ளத்தாக்கு இன்னொரு சான்று. 1990களில் ஆறு மைல் முட்டுச் சாலைக்குள் ஆயிரக்கணக்கில் கார்கள் நுழைந்தன; நிறுத்துமிடங்களோ சில நூறு. 2000ஆம் ஆண்டு முதல் கூட்ட மாதங்களில் அங்கே இலவசப் பேருந்து மட்டும்தான். இப்போது அந்தப் பேருந்துகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. சத்தம் அடங்கியதும் வர்ஜின் ஆற்றின் ஒலி திரும்பியது. பாறைச்சுவர்களுக்கிடையே தலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். யாரும் ஸ்டீயரிங் பிடிக்கவேண்டியதில்லை. பேருந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதும் உண்மை. 2021இல் ஸயானுக்கு 50 லட்சத்துக்கு மேல் வருகைகள். ஏஞ்சல்ஸ் லாண்டிங் பாறைமுகட்டில் ஏற 2022 முதல் குலுக்கலில் அனுமதி பெறவேண்டும். வண்டிகளைக் குறைப்பது வேறு, மனிதர்களை அளவோடு அனுமதிப்பது வேறு. இரண்டையும் செய்துதான் ஆகவேண்டும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது யோசெமிட்டியின் மாரிபோசா தோப்பு. ராட்சத செக்வோயா மரங்கள் நிற்கும் இடம். 1881இல் அங்கே ஒரு மரத்தின் அடியைக் குடைந்து வண்டி புகும் வாசல் ஆக்கினார்கள். குதிரை வண்டிகளும் பிறகு கார்களும் அதற்குள் புகுந்து படம் எடுத்துக்கொண்டன. ஈராயிரம் ஆண்டுகள் கடந்த அந்த மரம் 1969இல் பனிச்சுமை தாங்காமல் சாய்ந்தது. செக்வோயாவின் வேர்கள் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பரவுபவை. தார்ச்சாலையும் நிறுத்துமிடமும் அந்த வேர்கள்மேல் அழுத்திக்கொண்டிருந்தன. நீர் ஓடிய வழிகள் மறிபட்டிருந்தன. 2015இல் தோப்பை மூடினார்கள். நிறுத்துமிடத்தை அகற்றி, தாரைப் பெயர்த்து, ஓடைகளை விடுவித்து, 2018இல் திறந்தார்கள். இப்போது கார்கள் தொலைவிலேயே நிற்கின்றன. பேருந்து தோப்பின் விளிம்புவரை போகிறது. நடக்க முடியாதவர்களுக்கென்று உரிய அனுமதியுடன் வண்டி போகவும் வழி வைத்திருக்கிறார்கள். போட்ட சாலையைத் திரும்ப எடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

முன்பதிவு முறையில் ஒரு நியாயமான குறை உண்டு. மாதங்களுக்கு முன்பே இணையத்தில் இடம்பிடிக்கத் தெரிந்தவருக்கும், விடுமுறையை முன்கூட்டி உறுதிசெய்ய முடிந்தவருக்கும் அது சாதகம். திடீரென்று ஒரு ஞாயிறு கிடைத்துக் கிளம்புகிற உழைப்பாளிக் குடும்பத்தை அது வாசலில் நிறுத்தும். முன்பு ரயில் கட்டணம் செய்ததை இப்போது கணினித் திரை செய்துவிடக்கூடாது. அதனாலேயே நான் பேருந்தின் பக்கம் நிற்கிறேன். தரமான, அடிக்கடி வரும், காசு கேட்காத பேருந்து. சக்கர நாற்காலி ஏறவும் முட்டிவலிக்காரர் கஷ்டப்படாமல் உட்காரவும் வசதியான பேருந்து. அந்தக் கொங்கு அம்மாவுக்குத் தேவைப்பட்டது குளிர்படாத ஓர் இருக்கையும் பெரிய ஜன்னலும். அந்த இருக்கை சொந்தக் காரில்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அவர் மகளும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதே மலையைப் பார்த்திருப்பாள்.

மேதரின் தலைமுறை தன் காலத்துக்குச் சரியானதைச் செய்தது. மக்களைக் காட்டோடு சேர்த்தால்தான் காடு பிழைக்கும் என்ற அவர் கணக்கு பலித்தது. மக்கள் வந்துவிட்டார்கள்; பூங்காக்களை நேசிக்கிறார்கள். இனி அந்த நேசத்துக்கு வேறொரு வாகனம் வேண்டும். 1980இலேயே யோசெமிட்டியின் பொதுத் திட்டம், பள்ளத்தாக்கிலிருந்து சொந்தக் கார்களை முழுவதுமாக அகற்றுவதே இறுதி இலக்கு என்று எழுதிவைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது காகிதத்தில்தான் இருக்கிறது. அங்கே முன்பதிவு ஒரு வருடம் வருகிறது, மறு வருடம் போகிறது. கார்கள் மட்டும் போகவில்லை. அந்த இலக்கை நிறைவேற்றும் துணிவு அரசுக்கு வருவது பயணிகளான நம் கையிலும் இருக்கிறது. காட்டுக்குப் போகும் உரிமை நம் எல்லோருடையது. அதை நம் வண்டியிலேயே, நம் நேரத்திலேயே, ஒவ்வொரு மரத்தடி வரைக்கும் ஓட்டிப்போய் அனுபவிக்கும் உரிமை எந்தச் சட்டத்திலும் தரப்படவில்லை. பழக்கத்தால் நாம் எடுத்துக்கொண்டது அது. முதலாவதைக் காப்பதற்காக இரண்டாவதை வாசலிலேயே மனமுவந்து விட்டுக்கொடுப்பது, 1916இன் சட்டம் முதலில் சொன்ன கடமையில் நம் பங்கு என்று நான் நம்புகிறேன்.